30,000 ரூபாய் பிளெண்டர் வாங்கலாமா? முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள்

சென்னை தண்டையார்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜார் ஒழுகுகிறது, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் போய்விட்டது என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாரோடு சேர்த்துக் கைப்பேசியையும் நீட்டுகிறார்கள். "அண்ணா, இத வாங்கலாமா?" என்கிறார்கள். திரையில் ஒரு பெரிய பிளெண்டர் தெரியும். கண்ணாடி மாதிரி உயரமான ஜார், 1400 அல்லது 1500 வாட் மோட்டார், விலை 30,000 ரூபாய். பேர்போன அமெரிக்க கம்பெனியுடையது என்றால் 50,000 வரைக்கும் போகும்.

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. சிலரிடம் தாராளமாக வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நிறையப் பேரிடம் வேண்டாம், அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மிஷின் நல்லதா கெட்டதா என்று பார்த்து நான் இதைச் சொல்வதில்லை. அந்த வீட்டில் என்ன அரைபடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்களே உங்களுக்கு அந்தப் பதிலைச் சொல்லிக்கொள்ள முடியும். எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஏழு நாள் கணக்கு

ஒரு தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் மிக்ஸியைப் போட்டாலும் என்ன அரைத்தார்கள், எவ்வளவு அரைத்தார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஏழு நாள் போதும். ஆசையை எழுதக் கூடாது, நடந்ததை மட்டும்தான் எழுத வேண்டும். 'இனிமேல் தினமும் கீரை ஜூஸ் குடிக்கப் போகிறோம்' என்பது கணக்கில் வராது.

நம் பக்கத்து வீடுகளில் அந்தத் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலையில் அரை மூடித் தேங்காய்ச் சட்னி. மறுநாள் தக்காளிச் சட்னி. மீன் குழம்புக்குத் தேங்காய், சீரகம், நாலு சின்ன வெங்காயம். ரசத்துக்கு ஒரு ஸ்பூன் மிளகும் சீரகமும். இஞ்சி பூண்டு விழுது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்தால் அதற்கு ஒரு மசாலா. இட்லி மாவு கிரைண்டரில் போகும். மிளகாய்த்தூளுக்குக் கொத்தவால்சாவடியில் மிளகாயும் மல்லியும் வாங்கி, வெயிலில் காயவைத்து அரவை மில்லில் கொடுத்து அரைத்துவிடுவோம்.

உங்கள் தாள் இப்படி இருந்தால், அந்த 30,000 ரூபாய் மிஷினுக்கு இதில் ஒரு வேலைகூட இல்லை. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

தாளில் வேறு மாதிரியும் வரலாம். ஊறவைத்த பாதாமைத் தினமும் பாலாக அரைப்பது, குழந்தைக்குக் கேழ்வரகுப் பால், முருங்கைக்கீரை சூப், உறைந்த பழம், ஐஸ், தண்ணீரோடு சேர்த்து ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று மொத்தமாக அரைப்பது. இந்த வரிகள் வாரத்தில் மூன்று நாலு தடவையாவது வருகிறதென்றால் மேற்கொண்டு படியுங்கள். உங்களுக்கு யோசிக்க விஷயம் இருக்கிறது.

இரண்டாம் படி: வீட்டில் இருக்கும் மிக்ஸிக்கு என்ன நோய்?

பெரிய பிளெண்டர் மீது ஆசை வருவதற்குப் பாதி நேரம் காரணம், வீட்டு மிக்ஸி சரியாக அரைக்காததுதான். "மோட்டார்ல பவர் இல்லண்ணா" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கும். குறை ஜாரில் இருக்கும். 2011இல் தமிழக அரசு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததே, அந்த மிக்ஸிகளில் சில இன்னமும் என் கடைக்கு வருகின்றன. சின்னச் சின்ன வேலை பார்த்தால் மறுபடியும் ஓடுகின்றன.

பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே இவற்றைப் பாருங்கள்.

ஜாரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் கப்ளரைச் சுற்றி ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆடினால் உள்ளே பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பிளேடு ஆடிக்கொண்டே சுற்றினால் தேங்காய் ஒருபோதும் நைசாகாது. அரைக்கும்போது ஜாருக்கு அடியில் கருப்பாகத் தண்ணீர் கசிந்தாலும் இதே குறைதான். அந்தக் கருப்பு சட்னிக்குள்ளும் போகும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடகடவென்று சத்தம் வந்து, மோட்டார் சுற்றுகிறது, பிளேடு மட்டும் திணறுகிறது என்றால் கப்ளரின் பல் மழுங்கியிருக்கும். ஜாரின் கீழே இருப்பதையும் மிஷின் மேலே இருப்பதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

அரைபடவே நேரமாகிறது, சூடு ஏறுகிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது. சாணை பிடிக்கலாம், ரொம்பத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். மோட்டாருக்குள் பொறி அதிகமாகத் தெரிந்து கருகல் வாசனை வந்தால், உள்ளே கரன்ட் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்து தீர்ந்திருக்கலாம். அதை ஓட்டிக்கொண்டே இருந்தால் மோட்டாரில் சுற்றும் பாகமான ஆர்மேச்சர் கெடும், உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டதா? கவிழ்த்து அடியில் பாருங்கள். பெரும்பாலும் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். சுமை தாங்காமல் சூடாகும்போது மோட்டாரைக் காப்பாற்ற அது வெளியே வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு அதை அமுக்கினால் மறுபடி ஓடும். இந்த ஒரு பட்டன் தெரியாமல் நல்ல மிக்ஸியைக் காயலான்கடையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம்.

இதையெல்லாம் சரிசெய்யச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. சரிசெய்த மிக்ஸியில் மறுபடியும் ஏழு நாள் அரைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால்தான் புது மிஷினைப் பற்றிய பேச்சு.

மூன்றாம் படி: எந்த மிஷின் எதற்குப் பிறந்தது

மிக்ஸி என்பதே வெளிநாட்டு பிளெண்டர் நம் சமையலுக்குத் தாங்காததால் வந்ததுதான். 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். காய்ந்த மஞ்சள், கொப்பரை, தண்ணீர் குறைவான விழுது இவற்றை அரைத்தால் அன்றைய வெளிநாட்டு மிஷின்களின் மோட்டார் எரிந்துபோனது. அவை பழச்சாறுக்கும் மாவு அடிப்பதற்கும் செய்யப்பட்டவை. அப்புறம் 1978இல் நம் சென்னையிலேயே ப்ரீத்தி தொடங்கியது. நம் கையில் இருக்கும் மிக்ஸி நம் அம்மிக்குப் பதிலாக வந்த மிஷின்.

அதன் சட்னி ஜாரைப் பாருங்கள். சின்னது, ஸ்டீல், அடி குறுகியது, பிளேடு அடியோடு ஒட்டி இருக்கும். ரெண்டு ஸ்பூன் விழுதுகூட பிளேடை விட்டுத் தப்பிக்க முடியாது. தண்ணீர் விடாமல் மிளகையும் பொடிக்கும்.

பெரிய பிளெண்டரின் ஜார் ஒன்றரை, இரண்டு லிட்டர் பிடிக்கும். அதில் அரை மூடித் தேங்காயைப் போட்டால் முதல் சுற்றிலேயே சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும், பிளேடு காற்றில் சுற்றும். அதற்காகவே மூடியில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே தள்ள ஒரு குச்சி தருகிறார்கள். அந்தக் குச்சியால் தள்ள வேண்டுமென்றாலும் உள்ளே ஓரளவு பொருள் இருக்க வேண்டும். நாலு பேர் வீட்டுச் சட்னி அதற்குப் போதாது. அப்படியே அரைத்தாலும் சட்னி கிரீம் மாதிரி வழவழவென்று வந்துவிடும். தேங்காய் நாக்கில் படாத சட்னியை யார் சாப்பிடுவது?

இன்னும் இரண்டு குறை உண்டு. அந்த ஜார் பெரும்பாலும் பிளாஸ்டிக். மஞ்சள் பட்டால் கறை ஏறும், காய்ந்த பொருளை அடிக்கடி அரைத்தால் கீறல் விழுந்து மங்கிவிடும். காய்ந்ததற்கென்று தனி ஜார் விற்கிறார்கள், அதற்குத் தனி விலை. இட்லி மாவுக்கும் இது சரிவராது. பிளேடு வேகமாகச் சுற்றச் சுற்ற மாவு சூடாகும். கல் மெதுவாக நசுக்கி அரைக்கிற மாவுக்கு எந்த பிளேடும் ஈடில்லை. கிரைண்டரை விற்றுவிட்டு இதை வாங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்படியென்றால் அது எதற்குத்தான் நல்லது? தண்ணீரோ பாலோ சேர்த்து, நிறைய அளவில், துளிகூடத் திப்பி இல்லாமல் அரைப்பதற்கு. அங்கே நம் மிக்ஸி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. முருங்கைக்கீரையின் நரம்பு, நெல்லிக்காய், வாழைத்தண்டு நார், பாதாம் எல்லாம் கரைந்துபோகும். வடிகட்ட வேண்டிய வேலை குறைவதால் நார்ச்சத்தும் குப்பைக்குப் போகாமல் டம்ளரிலேயே இருக்கும். ஐஸ் கட்டி மணல் மாதிரி ஆகும். சில மிஷின்களில் சில நிமிஷம் தொடர்ந்து ஓடவிட்டால் உராய்விலேயே சூப் சூடாகிவிடும்.

யாருக்கு வாங்கச் சொன்னேன்

திருவொற்றியூரிலிருந்து ஒரு அக்கா ஒரே மாதத்தில் மூன்று தடவை ஜார் ரிப்பேருக்கு வந்தார். என்னக்கா இவ்வளவு அரைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து விழுங்குவதில் சிரமமாம். கட்டி இல்லாமல் வழவழவென்றுதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒவ்வொரு வேளையும் அரைத்து, பிறகு துணியில் வடிகட்டுகிறார். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு வேளை. ஒரு பருக்கை தப்பினால் புரையேறிவிடுமோ என்ற பயம் வேறு.

அந்த அக்காவிடம் நான் கணக்கே பார்க்கவில்லை, வாங்குங்கள் என்றேன். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் டாக்டரிடம் மறுபடி கேட்டுக்கொள்ளச் சொன்னேன். சிலருக்கு ரொம்பத் தண்ணியாக இருந்தாலும் புரையேறும். சீட்டுப் பணத்தில் வாங்கினார். பிறகு ஒருநாள் கடைப்பக்கம் வந்தபோது, "இப்பதான் தம்பி நானும் அவரோட உக்காந்து சாப்பிடறேன்" என்றார். அந்த வீட்டில் அந்த மிஷின் விலை அதிகமே இல்லை.

பல் இல்லாத பெரியவர், கைக்குழந்தை, தினமும் அரைத்துக் குடித்தே ஆக வேண்டிய உடம்பு இருக்கும் வீடுகளுக்கும் இதே பதில்தான்.

நான்காம் படி: அடியில் இருக்கும் தகட்டைப் படியுங்கள்

விளம்பரத்தில் '2 குதிரைத்திறன்', '3 குதிரைத்திறன்' என்று போட்டிருப்பார்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். அப்படிப் பார்த்தால் 3 என்பது 2200 வாட்டுக்கும் மேல். ஆனால் மிஷினுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்தால் 1400, 1500 வாட் என்றுதான் இருக்கும். விளம்பரத்தில் சொல்வது ஒரு நொடி எட்டிப் பிடிக்கும் உச்சம். தகட்டில் இருப்பதுதான் கணக்கு. அதையே நம்புங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள், எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்பது. சாதாரண மிக்ஸியில் '5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு' என்று இருக்கும்.

அப்புறம் சுவிட்ச்போர்டு. நம் வீட்டுச் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்தான். 1500 வாட் மிஷினை அதில் சொருகினால் சாக்கெட் சூடாகி உருகலாம். பெரிய பின்னுக்கான 16 ஆம்பியர் பாயின்ட் சமையல் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வயரிங் உள்ள வீடுகளில் பெரும்பாலும் அது இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயர் இழுக்கும் செலவையும் மிஷின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

கரன்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 1500 வாட் மிஷினைத் தினம் 2 நிமிஷம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட்தான் வரும்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சில மாடல்கள் ஜாரோடு சேர்த்து அரை மீட்டருக்கும் மேல் உயரம். மேடைக்கு மேல் ஷெல்ஃப் இடித்தால், ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏற்றுவதற்குச் சோம்பல்பட்டு ஒரு மாதத்தில் மிஷின் பரணுக்குப் போய்விடும். சத்தமும் அதிகம். லைன் வீட்டிலோ ஹவுசிங் போர்டிலோ இருந்தால், விடியற்காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குமா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: அமெரிக்காவிலிருந்து வருகிறதா?

இதில் ஏமாந்தவர்கள் நிறைய. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. ஒருவர் மகன் கொண்டுவந்த மிஷினை, பின்னை மாற்றும் அடாப்டர் போட்டு இங்கே சொருகிவிட்டார். சுவிட்சைப் போட்ட சில நொடியில் புகை. என்னிடம் கொண்டுவந்தபோது மோட்டாரின் கம்பிச் சுருள் கரியாகக் கிடந்தது. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. குறைக்க ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1400 வாட் மிஷினுக்குக் குறைந்தது 2000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறன் உள்ளது தேவை. அது விலையும் அதிகம், தூக்க முடியாத கனமும்கூட. தகட்டில் 220-240 வோல்ட் என்று இருந்தால் மட்டும் அங்கிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போதும் வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?

நம் மிக்ஸிக்குத் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறார். புஷ் போனால் புஷ்ஷை மட்டும் மாற்றுவோம். பெரிய பிளெண்டரில் பிளேடும் பேரிங்கும் ஒன்றாக அடைத்துச் செய்திருப்பார்கள், தனித்தனியாகப் பிரிக்க முடியாது, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வேறு இருக்கும். நான் இவ்வளவு வருஷம் வேலை பார்த்தும், உதிரிபாகம் இல்லாமல் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். சென்னையில் சர்வீஸ் சென்டர் எங்கே? தனி ஜார் என்ன விலை? பிளேடு செட் என்ன விலை? ஜார் விலைக்கே ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம் என்று தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் ஸ்க்ரூவும் ஷாஃப்ட்டும் துருப்பிடிக்கும். சமையலறை ஜன்னலுக்கு நேராக மிஷினை வைக்காதீர்கள்.

ஜூஸ் கடை வைப்பதற்காக வாங்குகிறீர்களா? வீட்டு உபயோக மாடலைக் கடையில் ஓட்டினால் பெரும்பாலும் வாரன்டி செல்லாது. ஊர் முழுக்க ஜூஸ் கடைகளில் சுஜாதா மிக்ஸி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 900 வாட், நிமிஷத்துக்கு 22,000 சுற்று, 90 நிமிஷம் தொடர்ந்து ஓடும் என்று போட்டு விற்கிறார்கள். பெரிய பிளெண்டர் விலையில் ஒரு சின்னப் பங்குதான். வீட்டில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஜூஸ், பாதாம் பால் என்றால் இந்த ரகமே போதும் என்பது என் கருத்து. நைஸ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஏழாம் படி: ஒரு தடவைக்கு எவ்வளவு?

இப்போது அந்தத் தாளை எடுங்கள். 35,000 ரூபாய் மிஷின் 7 வருஷம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 3 தடவை என்றால் 1,092 தடவை. ஒரு தடவைக்கு 32 ரூபாய். தினமும் ஓட்டினால் 14 ரூபாய்க்குள். மாதம் ஒரு தடவை என்றால் 417 ரூபாய். அந்தக் காசுக்கு வீட்டில் எல்லோருக்கும் கடையிலேயே ஜூஸ் வாங்கிவிடலாம்.

தவணையில் வாங்குபவர்கள் வட்டியையும் பிராசஸிங் கட்டணத்தையும் கூட்டிக்கொண்டு வகுத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: கடையில்

வாங்குவது என்று முடிவாகிவிட்டதா, சரி. டெமோவில் வாழைப்பழமும் ஐஸும் போட்டுக் காட்டுவார்கள். வாழைப்பழம் எந்த மிக்ஸியிலும் அரைபடும். நீங்கள் ஒரு டப்பாவில் ஊறவைத்த பாதாம், உருவிய முருங்கைக்கீரை, இரண்டு நெல்லிக்காய் கொண்டுபோங்கள். இதைப் போடுங்கள் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், உங்கள் பணம். அரைத்ததை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். திப்பி தட்டுப்பட்டால் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

சூப் அரைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கொதிக்கிற எதையும் ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியின் நடுவே ஆவி போக வழி இருக்க வேண்டும், மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும். டம்ளர் மாதிரிக் கவிழ்த்துப் பூட்டும் சின்ன பிளெண்டர்களில் சூடான எதையும் ஊற்றவே கூடாது. ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி வெடித்துத் தெறிக்கும்.

பில் கையில் வந்ததும் கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே அதைப் படம் எடுத்துவிடுங்கள். அந்த வழவழக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். ஐந்து வருஷம் வாரன்டி இருந்தும், வெள்ளைத் தாளாகிப்போன பில்லோடு நிற்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்து கொடுக்க முடிவதில்லை.